எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் மாடலிங்: ஆர்க்கிமேட், சி4, பிபிஎம்என், எக்செல் – எதை எடுப்பது? படிப்படியான வழிகாட்டி

நிறுவனத்தின் வேலைகள், அவற்றைத் தாங்கும் மென்பொருள்கள், சர்வர்கள், இவற்றுக்கிடையே உள்ள தொடர்புகள் எல்லாவற்றையும் வரைந்து வைப்பதுதான் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் மாடலிங். அதற்கான குறியீட்டு முறைகளில் ஆர்க்கிமேட் எல்லா அடுக்குகளையும், சி4 மென்பொருளின் அமைப்பையும், பிபிஎம்என் வேலை நடக்கும் வரிசையையும் காட்டும். ஆர்க்கிமேட்டா, சி4-ஆ, இல்லை எக்செல்லே போதுமா என்ற விவாதம் பெரும்பாலும் ஒரே மீட்டிங்கில் தீர்ந்துவிடும். பழைய கம்பெனியில் எதைப் பயன்படுத்தினாரோ அதையே ஒருவர் சொல்வார். இன்னொருவர் தான் சான்றிதழ் வாங்கி வைத்திருப்பதைச் சொல்வார். குரல் உயர்ந்த பக்கம் முடிவு போகும். ஆறு மாதம் கழித்து யாரும் திறக்காத ஒரு ஃபைல் மிஞ்சும்.

இதற்கு மாற்று வழி எளிது. நிறுவனத்தின் ஒரே சின்னத் துண்டை நான்கு முறைகளிலும் வரைந்து, நான்கிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். எது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, எது திணறுகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். அதைச் செய்யும் வரிசைதான் இந்தக் கட்டுரை. வரிசை மாறினால் ஒப்பீடே செல்லாது என்பதால் படிகளைத் தாண்ட வேண்டாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நடுத்தர மருத்துவமனையை வைத்துக்கொள்வோம். வெளிநோயாளிக்கு ரத்தப் பரிசோதனை எழுதுவதில் தொடங்கி ரிப்போர்ட் கையில் கிடைப்பது வரைதான் நாம் எடுக்கும் துண்டு. நோயாளி பதிவுக்கும் பில்லிங்குக்கும் எச்ஐஎஸ் (மருத்துவமனை மென்பொருள்), ஆய்வகத்துக்கு எல்ஐஎஸ் (ஆய்வக மென்பொருள்), அதோடு இணைந்த அனலைசர்கள் (பரிசோதனைக் கருவிகள்), ரிப்போர்ட்டை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் ஒரு சேவை. எல்ஐஎஸ் ஓடுவது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வில். அந்தப் பதிப்புக்கு மைக்ரோசாஃப்டின் நீட்டிக்கப்பட்ட ஆதரவும் 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இப்படி ஒரு சர்வர் பல இடங்களில் இன்னும் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆர்க்கிமேட்டுக்கு ஆர்க்கி என்ற இலவச, ஓப்பன் சோர்ஸ் கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சி4-க்கு, எழுத்தில் விவரித்தால் படமாக்கித் தரும் ஸ்ட்ரக்சரைசர். பிபிஎம்என்-க்கு அந்தத் தரத்தைப் பின்பற்றும் எந்த எடிட்டரும் சரி. அட்டவணைக்கு எக்செல்.

கருவிகளைவிட ஆட்கள் முக்கியம். சிஸ்டம்களின் உள்விவகாரம் தெரிந்த ஒருவர் வேண்டும். தினமும் அந்த வேலையைச் செய்கிற ஒருவரும் வேண்டும். இரண்டாமவர் இல்லாமல் வரைந்தால், எப்படி நடக்க வேண்டும் என்று மேனுவலில் இருக்கிறதோ அதைத்தான் வரைவீர்கள். ஆய்வகத்தில் உண்மையில் நடப்பது வேறாக இருக்கும்.

1. கேள்விகளை முதலில் எழுதுங்கள்

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் அதைக் கேட்கும் நபரின் பொறுப்பையும் எழுதுங்கள். கேட்க ஆள் இல்லாத கேள்விக்கு மாடல் தேவையில்லை. நம் மருத்துவமனையில் ஐந்து கேள்விகள்:

அ. இந்தப் பழைய சர்வரை நிறுத்தினால் எந்த வேலை நிற்கும்? (ஐடி மேலாளர்)

ஆ. நோயாளியின் செல்பேசி எண்ணை எந்தெந்த சிஸ்டம் எழுதுகிறது, எது படிக்க மட்டும் செய்கிறது? (தரவுப் பாதுகாப்புப் பொறுப்பாளர்)

இ. சாம்பிள் எடுத்ததிலிருந்து ரிப்போர்ட் வருவதற்குள் எங்கே தேங்குகிறது? (ஆய்வகப் பொறுப்பாளர்)

ஈ. எல்ஐஎஸ்ஸை வேறு நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாற்றினால் எந்த இணைப்புகளைத் திரும்ப எழுத வேண்டும்? (டெவலப்பர்)

உ. அடுத்த நிதியாண்டில் எந்த லைசென்ஸ்கள் புதுப்பிப்புக்கு வருகின்றன? (கணக்குப் பிரிவு)

புதியவர்கள் இங்கே எழுதும் வழக்கமான வாக்கியம்: "நம் ஐடி முழுவதும் ஒரே படத்தில் தெரிய வேண்டும்." இது கேள்வி இல்லை, ஆசை. அந்தப் படத்தைப் பார்த்து யார் எந்த முடிவு எடுப்பார் என்று திருப்பிக் கேளுங்கள், கேள்வி தானாக வெளியே வரும்.

2. போட்டியாளர்கள் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

"டோகாஃபா, ஆர்க்கிமேட்டா?" என்று கேட்டால் பதிலே கிடையாது. டோகாஃப் ஒரு செயல்முறை. எந்தக் கட்டத்தில் எதைச் செய்வது, யாரிடம் ஒப்புதல் வாங்குவது என்று சொல்லும். எந்தப் பெட்டியை எப்படி வரைவது என்று கட்டாயப்படுத்தாது. ஆர்க்கிமேட் ஒரு குறியீட்டு மொழி. இரண்டையும் வெளியிடுவது தி ஓப்பன் குரூப்தான், இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தலாம்.

ஸாக்மன் இன்னொரு வகை. என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன் என்ற ஆறு நெடுவரிசைகளும் ஆறு வரிசைகளும் கொண்ட வகைப்பாட்டுக் கட்டம் அது. அதில் வரைவதற்குக் குறியீடு எதுவும் இல்லை. 36 கட்டங்களையும் நிரப்ப உட்கார்ந்துவிடாதீர்கள். படி 1-இல் எழுதிய கேள்விகளை அந்த ஆறு நெடுவரிசைகளில் வைத்துப் பாருங்கள், அது போதும். நம் ஐந்தில் "ஏன்" நெடுவரிசை காலி. இந்த வேலைக்கு அது பரவாயில்லை, ஆனால் தெரிந்தே காலியாக விட்டோம் என்பதாவது பதிவாகும்.

ஆக, உண்மையான போட்டி நான்கு பேருக்குள்தான்: அட்டவணை, ஆர்க்கிமேட், சி4, பிபிஎம்என். பவர்பாயிண்டில் போடும் சாதாரணப் பெட்டிப் படத்தையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். எப்படியும் யாராவது ஒருவர் அதைத்தான் கொண்டு வருவார்.

3. துண்டை வெட்டுங்கள்

துண்டு சின்னதாக இருக்க வேண்டும், ஆனால் மேலிருந்து கீழ் வரை போக வேண்டும். மனிதர் செய்யும் வேலை, அதைத் தாங்கும் அப்ளிகேஷன், அது ஓடும் சர்வர் மூன்றும் உள்ளே வர வேண்டும். மொத்தம் 20, 30 உறுப்புகள் போதும்.

காரணம், முறைகள் வேறுபடுவதே இந்த அடுக்குகளைத் தாண்டும் இடத்தில்தான். அப்ளிகேஷன் அடுக்கை மட்டும் எடுத்தால் ஆர்க்கிமேட்டும் சி4-உம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும்.

ஆவணங்கள் ஒழுங்காக இருக்கும் சிஸ்டத்தையே பலர் தேர்ந்தெடுப்பார்கள், சுலபம் என்று. அங்கே எல்லா முறையும் நன்றாகத்தான் வேலை செய்யும். யாருக்கும் முழுசாகத் தெரியாத ஒரு இணைப்பாவது இருக்கும் துண்டாகப் பாருங்கள்.

4. அட்டவணையை முதலில் போடுங்கள்

படம் வரையும் ஆர்வத்தில் இதைத் தாண்டுபவர்கள்தான் அதிகம். ஆய்வகத்தில் "லேப் சாஃப்ட்வேர்" என்பார்கள். ஐடி பிரிவில் "எல்ஐஎஸ்" என்பார்கள். கணக்குப் பிரிவின் பில்லில் விற்பனையாளரின் பெயர் இருக்கும். மூன்றும் ஒன்றுதான் என்று தீர்க்காமல் வரைந்தால் மூன்று பெட்டிகள் வரும்.

முதல் ஷீட்டில் உறுப்புகள்: அடையாள எண், பெயர், வகை, பொறுப்பாளர், லைசென்ஸ் முடியும் தேதி. இரண்டாவது ஷீட்டில் உறவுகள்: எதிலிருந்து, எதற்கு, என்ன உறவு. இரண்டாவதில் பெயரை எழுதாமல் அடையாள எண்ணை எழுதுங்கள். பெயர் மாறும், எண் மாறாது.

ஒரே செல்லில் கமா போட்டு "எச்ஐஎஸ், எஸ்எம்எஸ், அனலைசர்" என்று அடைப்பது பெரிய தவறு. அந்த உறவை அப்புறம் வடிகட்டவும் முடியாது, வேறு கருவிக்குக் கொண்டு போகவும் முடியாது. ஆர்க்கிக்கு சிஎஸ்வி (கமாவால் பிரித்த எளிய அட்டவணை ஃபைல்) மூலம் ஏற்றும்போது உறுப்புகளுக்கு ஒரு ஃபைல், உறவுகளுக்கு ஒரு ஃபைல் என்றுதான் கேட்கும்.

இந்த அட்டவணையே முதல் போட்டியாளர். கேள்வி உ-வுக்கு லைசென்ஸ் தேதியை வரிசைப்படுத்தினால் பதில் வந்துவிட்டது. எந்தப் படமும் இதை இதைவிட நன்றாகச் சொல்லாது. கேள்வி அ-வுக்கு வரும்போது திணறும். சர்வரில் தொடங்கி மூன்று நான்கு வரிகள் தாவித் தாவி ஆய்வக வேலைக்குப் போக வேண்டும், நடுவில் கண் தவறும்.

5. ஆர்க்கிமேட்டில் வரையுங்கள்

நான்கில் இதுதான் கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும். தவறுகளும் இங்கேதான் குவியும். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் பிசினஸ் ப்ராசஸ்கள்: சாம்பிள் சேகரிப்பு, பரிசோதனை, முடிவு சரிபார்ப்பு, ரிப்போர்ட் வழங்கல். அடுத்து, ஒவ்வொன்றும் மென்பொருளிடம் எதிர்பார்க்கும் அப்ளிகேஷன் சர்வீஸ்: ஆர்டர் பதிவு, முடிவுப் பதிவு, ரிப்போர்ட் அனுப்புதல். பிறகு அந்த சர்வீஸைத் தரும் அப்ளிகேஷன் காம்பொனன்ட்: எச்ஐஎஸ், எல்ஐஎஸ். கடைசியில் அது ஓடும் சர்வர். கீழிருந்து தொடங்கினால் சர்வர் அறை முழுவதையும் வரைந்துவிட்டுத்தான் நிமிர்வீர்கள், எது தேவை என்று சொல்ல ஆளிருக்காது.

நடுவில் உள்ள சர்வீஸ் அடுக்கைப் பலர் விட்டுவிட்டு எல்ஐஎஸ்ஸை நேராக ப்ராசஸோடு இணைப்பார்கள். மொழி அதை அனுமதிக்கும். ஆனால் எல்ஐஎஸ்ஸை மாற்றும்போது புதியது எதையெல்லாம் தர வேண்டும் என்ற பட்டியல் அந்த சர்வீஸ் அடுக்குதான். மாற்றம் வரப்போகும் இடத்தில் அதை வரையுங்கள், மற்ற இடங்களில் விட்டுவிடலாம்.

அம்புக்குறியின் திசையில் எல்லோரும் தடுக்குவார்கள். ஆர்க்கிமேட்டில் சர்விங் என்ற உறவின் அம்பு, சேவை தருபவரிடமிருந்து பெறுபவரை நோக்கிப் போகும். நோயாளி விவரத்துக்காக எல்ஐஎஸ், எச்ஐஎஸ்ஸின் ஏபிஐ-யை (மற்ற மென்பொருள்கள் அதனோடு பேசும் வழி) கூப்பிடுகிறது என்று வையுங்கள். கோடிங் பழக்கத்தில் எல்ஐஎஸ்ஸிலிருந்து எச்ஐஎஸ்ஸுக்கு அம்பு போடத் தோன்றும். ஆர்க்கிமேட்டில் எச்ஐஎஸ்ஸிலிருந்து எல்ஐஎஸ்ஸுக்குத்தான் போட வேண்டும். தலைகீழாகப் போட்டால் கருவி சண்டைக்கு வராது, ஏனென்றால் இரண்டு திசையும் இலக்கணப்படி சரி. பாதிப்பு ஆய்வில் மட்டும் தவறான பதில் வரும்.

எந்த உறவு என்று தெரியாதபோது எல்லாவற்றுக்கும் அசோசியேஷன் கோடு போடுவது அடுத்த வழக்கம். ஏதோ தொடர்பு உண்டு என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அப்படிப்பட்ட கோடுகளே நிறைந்த மாடலைவிட உங்கள் எக்செல் மேல்.

கேள்வி ஆ-வுக்கு "நோயாளி விவரம்" என்று ஒரு டேட்டா ஆப்ஜெக்ட் வைத்து, ஒவ்வொரு அப்ளிகேஷனிலிருந்தும் ஆக்சஸ் உறவு போடுங்கள். படிப்பதா, எழுதுவதா, இரண்டுமா என்று அந்த உறவிலேயே குறிக்கலாம். எழுதும் அம்பு இரண்டு இடத்திலிருந்து வந்தால் பிரச்சினை அங்கேதான்.

கருவியில் கவனிக்க வேண்டியது: பேலட்டிலிருந்து (குறியீடுகள் இருக்கும் பட்டை) ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் புதிய உறுப்பு பிறக்கும். ஏற்கெனவே உள்ள எல்ஐஎஸ்ஸை இரண்டாவது வியூவில் (மாடலின் ஒரு பகுதியைக் காட்டும் படம்) காட்ட வேண்டுமானால் மாடல் ட்ரீயிலிருந்து (உறுப்புகளின் பட்டியல்) இழுங்கள். இது தெரியாததால் ஒரே மாடலில் ஐந்து எல்ஐஎஸ் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பாதி உறவுகள். அதேபோல வியூவில் அழித்தால் படத்திலிருந்துதான் போகும், மாடலில் உயிரோடு இருக்கும். அவ்வப்போது ஆர்க்கியின் வேலிடேட்டரை ஓட்டுங்கள். எந்த வியூவிலும் வராத உறுப்புகளையும் ஒரே பெயரில் இரண்டு இருப்பதையும் காட்டிக்கொடுக்கும்.

ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியை வைக்கும்போது, கருவி என்ன உறவு என்று கேட்டால் எஸ்கேப் அடிக்காதீர்கள். கண்ணுக்கு உள்ளே இருப்பதாகத் தெரியும், மாடலில் எந்தத் தொடர்பும் இருக்காது.

மஞ்சள், நீலம், பச்சை நிறங்களைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுபவர்களைப் பார்க்கலாம். அது வெறும் வழக்கம். தரநிலை நிறத்துக்கு எந்தப் பொருளும் தரவில்லை. விருப்பப்படி மாற்றிக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் சர்வர் உறுப்பைத் தேர்ந்தெடுத்து, அதன் தொடர்புகளை வரைந்து காட்டும் விஷுவலைசரில் ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். சர்வர், எல்ஐஎஸ், முடிவுப் பதிவு, முடிவு சரிபார்ப்பு என்று சங்கிலி மேலே வரும். ஐடி மேலாளரின் கேள்விக்குப் பதில் அதுதான். அட்டவணையில் தாவித் தேடியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. சி4-இல் வரையுங்கள்

நான்கு நிலைகள்: கான்டெக்ஸ்ட் (சிஸ்டமும் அதைச் சுற்றியிருப்பவையும்), கன்டெய்னர், காம்பொனன்ட் (கன்டெய்னரின் உட்பகுதிகள்), கோட். ஒப்பீட்டுக்கு முதல் இரண்டு போதும். நான்காவதைக் கையால் வரையவே வேண்டாம், கோட் மாறும் வேகத்துக்குப் படம் ஈடுகொடுக்காது.

கன்டெய்னர் என்றதும் டாக்கரை (மென்பொருளைப் பொதியாக்கி ஓட்டும் கருவி) நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. இங்கே அது தனியாக ஓடும் ஒரு அப்ளிகேஷன் அல்லது ஒரு தரவுக் களஞ்சியம். எல்ஐஎஸ்ஸுக்குள் வெப் அப்ளிகேஷன், அனலைசர்களோடு பேசும் இன்டர்ஃபேஸ் சர்வீஸ், டேட்டாபேஸ் என்று மூன்று வரும்.

இங்கே அம்பு பொதுவாகப் பயன்படுத்துபவரிடமிருந்து தருபவருக்குப் போகும், அதாவது ஆர்க்கிமேட்டின் சர்விங்குக்கு நேர் எதிர். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தப்பு என்றே தோன்றும். இரண்டும் சரிதான். ஒப்பிடும் குழுவுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அரை நாள் இதிலேயே போகும்.

அம்பின் மேல் "பயன்படுத்துகிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். "முடிவுகளை எச்எல்7 செய்தியாக அனுப்புகிறது" என்று எழுதினால்தான் கேள்வி ஈ-க்குப் பதில் கிடைக்கும். (எச்எல்7 என்பது மருத்துவத் தரவுப் பரிமாற்றத் தரம்.) டெவலப்பருக்கு இதுவே நான்கிலும் வசதியானது. விளக்கம் தேவைப்படாமல் படித்துவிடுவார்.

பிசினஸ் ப்ராசஸுக்கு சி4-இல் இடமில்லை. சர்வரை டெப்ளாய்மென்ட் படத்தில் (எது எங்கே ஓடுகிறது என்று காட்டும் படம்) காட்டலாம். ஆனால் அங்கிருந்து "முடிவு சரிபார்ப்பு நிற்கும்" என்ற இடத்துக்கு அது கொண்டு போகாது. கேள்வி அ-வில் பாதி வழிதான்.

7. பிபிஎம்என்-இல் ஒரே ஒரு ப்ராசஸ்

முழுத் துண்டையும் வரைய வேண்டாம். சாம்பிள் சேகரிப்பிலிருந்து ரிப்போர்ட் வரை மட்டும் வரையுங்கள். வேலை செய்யும் நபரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "அடுத்து என்ன?" என்பதோடு "எதற்காகக் காத்திருப்பீர்கள்?" என்றும் கேளுங்கள். மருத்துவர் கையெழுத்துக்காக ரிப்போர்ட் தேங்குவது மற்ற மூன்று முறைகளிலும் தென்படாது, இங்கே தெரியும்.

தவறு ஒன்றை மட்டும் சொல்கிறேன்: சீக்வென்ஸ் ஃப்ளோ (படிகளின் வரிசையைக் காட்டும் அம்பு) ஒரு பூலின் (ஒரு தரப்பின் வேலைகளை அடக்கும் பெட்டி) எல்லையைத் தாண்டக்கூடாது. வெளி ஆய்வகத்துக்குச் சாம்பிள் அனுப்பினால் அது தனிப் பூல், இடையில் மெசேஜ் ஃப்ளோ (தரப்புகளுக்கிடையே செய்தி போவதைக் காட்டும் அம்பு). சர்வர், லைசென்ஸ் பற்றி இதனிடம் கேட்காதீர்கள்.

8. மாற்றச் சோதனை

வரைந்து முடித்த அன்று எல்லா மாடலும் அழகாகத்தான் இருக்கும். உண்மையான வித்தியாசம் மாற்றும்போதுதான் வெளிப்படும். ஆகவே இந்தப் படியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

இரண்டு மாற்றங்களைச் செய்யுங்கள். ஒன்று, பழைய சர்வரை எடுத்துவிட்டு எல்ஐஎஸ்ஸை கிளவுடுக்கு மாற்றுங்கள். இரண்டு, எல்ஐஎஸ்ஸின் பெயரை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையிலும் எத்தனை இடத்தைத் தொட வேண்டியிருந்தது, எதை மறந்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆர்க்கியில் பெயரை ஓரிடத்தில் மாற்றினால் எல்லா வியூவிலும் மாறும். ஸ்ட்ரக்சரைசரிலும் அப்படியே, ஒரு வரி. அதே சி4-ஐ ட்ரா.ஐஓ-வில் கையால் வரைந்திருந்தால் ஒவ்வொரு படமாகத் திறக்க வேண்டும். "சி4 பராமரிக்கக் கஷ்டம்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த வரைபடக் கருவியைத்தான் குறை சொல்கிறார்கள். குறியீட்டின் குறையையும் கருவியின் குறையையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். பவர்பாயிண்ட் இந்தப் படியிலேயே விடைபெற்றுவிடும்.

9. படிக்க வைக்கும் சோதனை

வரையும்போது கூட இல்லாத ஒருவரிடம் அச்சிட்ட தாளைக் கொடுங்கள். விளக்காதீர்கள். "புரிகிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காக எல்லோரும் தலையாட்டுவார்கள். "இதில் எது தப்பு?" என்று கேளுங்கள். ஆய்வகப் பொறுப்பாளர் பேனாவை எடுத்துக் கோடு போட்டால் அந்தப் படம் அவருக்குப் படிக்க வருகிறது என்று பொருள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு சார்" என்றால் அவருக்கு அது ஒத்துவரவில்லை.

ஆர்க்கிமேட் இங்கே அடிபடும், எதிர்பாருங்கள். ஒரு வியூவில் ஒரு கேள்விக்கு வேண்டியதை மட்டும் வைத்து, 15 உறுப்புகளுக்குள் அடக்கினால் நிலைமை வெகுவாக மாறும்.

10. முடிவெடுங்கள், எல்லை போடுங்கள்

கேள்விகள் வரிசையாக, முறைகள் நெடுவரிசையாக ஒரு தாள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம்: பதில் கிடைத்ததா, எவ்வளவு நேரம் ஆனது, இதை யார் பராமரிப்பார். மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். மொத்த மதிப்பெண்ணில் முதலிடம் வரும் முறை, ஐடி மேலாளருக்கு அவசரமான ஒரே கேள்விக்குப் பதில் சொல்லாததாக இருக்கலாம். கூட்டுத்தொகை அதை மறைத்துவிடும்.

சில பத்து அப்ளிகேஷன்கள், பார்த்துக்கொள்ள ஒரே ஆள் என்றால், அட்டவணையும் இரண்டு மூன்று சி4 படங்களும் போதும் என்பது என் கருத்து. ஆர்க்கிமேட்டைத் தொடர்ந்து பராமரிக்க ஆளில்லாமல் தொடங்குவது வீண். சிஸ்டங்கள் பெருகி, ஒரு மாற்றம் எங்கே போய் இடிக்கும் என்று ஒருவருக்கும் மனப்பாடமாகச் சொல்ல வராத நிலை வந்ததும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்கு மேல் எடுத்தால் எல்லையை எழுதி வையுங்கள். நம் துண்டுக்கு அது இப்படி: பெயருக்கும் அடையாள எண்ணுக்கும் அட்டவணையே மூலம். ஆர்க்கிமேட்டின் அப்ளிகேஷன் காம்பொனன்ட்டும் சி4-இன் சாஃப்ட்வேர் சிஸ்டமும் ஒரே எண்ணில் இருக்கும், கன்டெய்னர்கள் ஆர்க்கிமேட்டுக்குள் வராது. ஆர்க்கிமேட்டில் ப்ராசஸ் ஒரு பெட்டியோடு நிற்கும், அதன் உள்ளே நடப்பது பிபிஎம்என்-இல், அதுவும் தேங்கும் ப்ராசஸ்களுக்கு மட்டும். சி4 ஃபைல்கள் டெவலப்பர்களின் ரெப்போவில் (கோட் சேமிக்கும் இடம்), கோடுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

விலை கொடுத்து வேறு ஆர்க்கிமேட் கருவி வாங்கப் போகிறீர்கள் என்றால், கையெழுத்துப் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஆர்க்கிமேட் மாடல்களைக் கருவி விட்டுக் கருவி மாற்றுவதற்கென்றே எக்ஸ்எம்எல் அடிப்படையில் ஓப்பன் எக்ஸ்சேஞ்ச் ஃபைல் ஃபார்மட் இருக்கிறது. இந்தச் சின்னத் துண்டை ஆர்க்கியிலிருந்து அதில் ஏற்றுமதி செய்து புதிய கருவியில் திறந்து பாருங்கள். பிறகு அங்கிருந்து மறுபடி வெளியே எடுத்து ஆர்க்கியில் திறங்கள். உறுப்புகள், உறவுகள், நீங்கள் சேர்த்த அடையாள எண்கள் எல்லாம் எண்ணிக்கை மாறாமல் திரும்பி வருகின்றனவா என்று அட்டவணையோடு சரிபாருங்கள். படத்தின் அமைப்பு கொஞ்சம் கலைந்திருந்தால் பரவாயில்லை. உறவுகள் குறைந்திருந்தால் விற்பனையாளரிடம் காரணம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு அடுத்ததைப் பேசுங்கள்.